ஜிம் பிராடக்: குத்துச்சண்டை மேடையும் நிவாரண வரிசையும்

ஜேம்ஸ் ஜே. பிராடக் என்ற குத்துச்சண்டை வீரரின் பெயர் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் இரண்டு பட்டியல்களில் ஏறியது. ஒன்று, 1934-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் அரசு நிவாரணப் பணம் வாங்கிய குடும்பங்களின் பட்டியல். மற்றொன்று, உலக ஹெவிவெயிட் சாம்பியன்களின் பட்டியல். 1935 ஜூன் 13 அன்று மேக்ஸ் பேயரைப் பதினைந்து சுற்றுகளில் வென்று பிராடக் சாம்பியனானபோது, அமெரிக்காவைப் பிடித்த பெருமந்தம் ஆறு ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர் டேமன் ரன்யன் அவருக்குச் சூட்டிய 'சிண்டரெல்லா மேன்' என்ற பட்டப்பெயரே 2005-இல் ரான் ஹோவர்ட் இயக்கிய படத்துக்குத் தலைப்பாயிற்று. ரஸல் குரோ பிராடக்காகவும், ரெனே ஸெல்வெகர் அவருடைய மனைவி மேயாகவும், பால் ஜியாமட்டி மேனேஜர் ஜோ கூல்டாகவும் நடித்தார்கள்.

விழுந்தவன் எழுந்தான், உழைத்தான், வென்றான், வாங்கிய நிவாரணப் பணத்தையும் அரசுக்குத் திருப்பிக் கொடுத்தான் என்று தனிமனித மன உறுதியின் கதையாகவே பிராடக்கின் வாழ்க்கை பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. படமும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. பிராடக்கின் மன உறுதியில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அவர் வாழ்ந்த ஊர்களின் வரலாற்றையும், அவர் நின்ற வரிசைகளின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொரு உண்மை தெரிகிறது. அவர் மீண்டும் மேடையேறும்வரை அந்தக் குடும்பத்தைக் காத்தது பொதுப்பணம். அந்தப் பங்கை உரிய இடத்தில் வைக்காமல் இந்த வாழ்க்கையை முழுமையாகச் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை அதை வைக்க முயல்கிறது.

வலக்கையின் காலம்

பிராடக் 1905-இல் நியூயார்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், ஐரிஷ் வேர்கொண்ட ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் விரைவிலேயே ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது. 1926-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் ஐரிஷ், யூத, இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பில்லாமல் பணம் பார்க்கக் கிடைத்த மிகச் சில வாசல்களில் குத்துச்சண்டையும் ஒன்று. சேரிக்குச் சேரி பயிற்சிக்கூடங்கள் இருந்தன. வாரந்தோறும் ஆட்டங்கள் நடந்தன. பெயர் இல்லாத இளைஞனும் ஓர் இரவில் சில டாலர்களோடு வீடு திரும்ப முடிந்தது.

பிராடக்கின் பலம் அவருடைய வலக்கை. அதன் ஓங்கிய அடியை நம்பியே அவர் லைட் ஹெவிவெயிட் பிரிவில் மேலேறினார். 1929 ஜூலை 18 அன்று யாங்கீ விளையாட்டரங்கில் சாம்பியன் டாமி லாஃப்ரனை எதிர்த்து நின்றார். லாஃப்ரன் நுட்பமான ஆட்டக்காரர். பதினைந்து சுற்றுகளும் பிராடக்கின் வலக்கைக்கு அகப்படாமல் விலகி விலகி ஆடிப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 29 அன்று நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பிராடக்கின் சரிவும் நாட்டின் சரிவும் ஒரே பருவத்தில் தொடங்கின.

1930 ஜனவரியில் அவருக்கும் மே ஃபாக்ஸுக்கும் திருமணம் நடந்தது. ஜே, ஹோவர்ட், ரோஸ்மேரி என்று மூன்று குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. அதே ஆண்டுகளில் வலக்கை எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது. முறிந்த கை ஆறுமுன்பே அடுத்த ஆட்டம், அடுத்த ஆட்டத்தில் மீண்டும் முறிவு. கையை ஆற விட்டால் வீட்டில் சோறில்லை, ஆற விடாவிட்டால் தொழிலே இல்லை. வெற்றிகளைவிடத் தோல்விகள் வெகுவாகக் கூடின. 1933 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் ஏப் ஃபெல்ட்மனோடு நடந்த ஆட்டத்தில் இருவரும் போதிய முனைப்போடு ஆடவில்லை என்று நடுவர் ஆட்டத்தையே செல்லாததாக்கினார். அதோடு பிராடக்கின் குத்துச்சண்டை வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு நாடே வேலையிழந்தபோது

பிராடக் மேடையை விட்டு இறங்கிய 1933, பெருமந்தத்தின் அடிமட்டம். வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த உழைப்பாளர் தொகையில் ஏறக்குறைய 25 விழுக்காட்டினர், அதாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர், வேலையில்லாமல் இருந்தார்கள். 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41-க்கு இறங்கியிருந்தது. 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அப்போது வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. வங்கி மூடினால் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணமும் அதோடு போயிற்று. பிராடக்கின் சேமிப்பும் அந்த ஆண்டுகளில்தான் கரைந்தது.

அமெரிக்காவில் அப்போது வேலையிழப்புக் காப்பீடும் இல்லை, நாடு தழுவிய முதியோர் ஓய்வூதியமும் இல்லை. ஏழைக்கு உதவுவது உள்ளூர் நகராட்சியின் வேலை, தேவாலயத்தின் வேலை, தனியார் தருமத்தின் வேலை என்பதே நிலைபெற்ற கொள்கை. மத்திய அரசு தனிமனிதருக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் மக்களின் தன்மானமும் சுயமுயற்சியும் கெட்டுவிடும் என்று குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் உறுதியாக நம்பினார். 1932 ஜூலையில்தான் மாநிலங்களுக்கு 30 கோடி டாலர் கடன் தர அவர் அரசு இசைந்தது. நகராட்சிக் கஜானாக்கள் அதற்குள் காலியாகியிருந்தன. தருமத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர்களே உதவி கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

துறைமுக வாசல்

மேடையை இழந்த பிராடக் ஹோபோகன், வீஹாக்கன் துறைமுகங்களில் மூட்டை தூக்கப் போனார். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் முறை எளியது, கொடியது. விடியற்காலையில் தொழிலாளர்கள் துறைமுக வாசலில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து நிற்பவர்களைப் பார்த்து, அன்றைக்கு வேண்டிய ஆட்களை மட்டும் பொறுக்கி எடுப்பார். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். நேற்று வேலை செய்தவன் இன்றும் எடுக்கப்படுவான் என்று எந்த உறுதியும் கிடையாது. மேஸ்திரியின் தயவே வேலை. அந்தத் தயவுக்குக் கூலியில் பங்கு கொடுக்கும் வழக்கமும் நியூயார்க் துறைமுகம் முழுவதும் வேரூன்றியிருந்தது.

முறிந்த வலக்கையை வைத்துக்கொண்டு பிராடக் அந்த வரிசையில் நின்றார். கொக்கியை இடக்கையில் பிடித்துச் சரக்கு மூட்டைகளை இழுக்கப் பழகினார். அதுவரை பேருக்கு இருந்த இடக்கை அந்த வேலையில் உரமேறியது என்பதைப் பிராடக்கின் வரலாற்றை எழுதிய எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் அவர் பெற்ற வெற்றிகளில் இடக்கைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் இதை வைத்து, துன்பம்தான் அவரை உருவாக்கியது என்று ஒரு நீதியைச் சொல்லிவிடக் கூடாது. அதே வாசலில் நின்ற மற்ற ஆயிரக்கணக்கானவர்களின் தோள்களும் உரமேறின. அந்த உரம் அவர்களுக்கு மறுநாள் காலை மீண்டும் அதே வாசலில் நிற்க மட்டுமே உதவியது.

பிராடக் அந்த வாசலில் நின்ற அதே 1934-இல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் இந்த ஆளெடுப்பு முறையை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 9 அன்று தொடங்கிய போராட்டம் 83 நாட்கள் நீடித்தது. ஜூலை 5 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். முடிவில், தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் வேலைவாய்ப்பு மன்றம் அங்கே வந்தது. மேஸ்திரி ஆள் பொறுக்குவது மேற்குக் கரையில் ஒழிந்தது. பிராடக் வேலை செய்த நியூயார்க், நியூ ஜெர்சித் துறைமுகங்களில் 1953 வரை அது நீடித்தது. பிராடக்கின் கதையைத் தனிமனித வெற்றியாக மட்டும் படிப்பவர்கள் கண்ணில் இந்தப் போராட்டம் படுவதே இல்லை. ஒரே தொழில், ஒரே ஆண்டு, ஒரே கொடுமை. கிழக்கில் ஒருவர் தம் கைகளால் அதிலிருந்து தப்பினார். மேற்கில் பல்லாயிரம் பேர் சேர்ந்து அந்தக் கொடுமையையே மாற்றினார்கள்.

நிவாரணம் வாங்குவது எப்படி அவமானமாயிற்று

துறைமுகக் கூலியால் வீட்டை நடத்த முடியவில்லை. பிராடக் நிவாரணத்துக்கு விண்ணப்பித்தார். அவர் அப்படி விண்ணப்பிக்க முடிந்ததே ஓராண்டுக்கு முன் நடந்த மாற்றத்தின் விளைவு. 1933 மே 12 அன்று, ஹூவருக்கு அடுத்து வந்த குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மத்திய அவசர நிவாரணச் சட்டம் 50 கோடி டாலரை ஒதுக்கியது. அதன் நிர்வாகி ஹாரி ஹாப்கின்ஸ் பதவியேற்ற முதல் இரண்டு மணி நேரத்திலேயே 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு ஒதுக்கினார். இந்தப் பணத்தைத் தனியார் தரும அமைப்புகள் வழியாகக் கொடுக்கக் கூடாது, அரசு அலுவலகமே கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதித்தார். தயவு என்ற இடத்திலிருந்து நிர்வாகம் என்ற இடத்துக்கு உதவி நகர்ந்தது.

ஆனாலும் வாங்குபவரின் தலைகுனிவு நகரவில்லை. அதற்கு நெடிய வரலாறு இருந்தது. நியூ ஜெர்சியின் 1844-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பொது உதவியில் வாழும் வறியவரை மனநிலை பிறழ்ந்தவர்களோடும் குற்றவாளிகளோடும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று எழுதியிருந்தது. பிராடக் வரிசையில் நின்றபோதும் அந்த அரசியலமைப்பே நடைமுறையில் இருந்தது. உதவி கேட்பவர் வீட்டுக்கு ஆய்வாளர் வருவார், சமையலறையைப் பார்ப்பார், உறவினர்களை விசாரிப்பார். ஏழ்மை ஒரு குணக்கேடு என்ற எண்ணம் சட்டத்திலும் அலுவலக மேசையிலும் ஊறியிருந்தது.

பிராடக் வேலை செய்த அதே ஹோபோகனில் அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1938-இல் நடந்த ஒரு சாவு காட்டுகிறது. அந்த நகரின் நிவாரண அதிகாரியாக நெடுங்காலம் இருந்தவர் ஹாரி பார்க். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது அவர் கையில் இருந்தது. இரக்கமில்லாதவர் என்று ஊரே பேசியது. 1938 பிப்ரவரி 25 அன்று உதவி கேட்டு வந்த வேலையற்ற கொத்தனார் ஒருவரிடம், உன் மனைவியைத் தெருவில் இறக்கிச் சம்பாதிக்கச் சொல் என்ற பொருளில் அவர் பேசியதாக அந்தக் கொத்தனார் சொன்னார். கைகலப்பு மூண்டது. மேசையில் தாள்களைக் குத்தி வைக்கும் கம்பி நெஞ்சில் பாய்ந்து பார்க் இறந்தார். அவரே கம்பியின் மேல் விழுந்தார் என்றது எதிர்த்தரப்பு, கொத்தனார் குத்தினார் என்றது அரசுத்தரப்பு. கொத்தனாருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1936 ஏப்ரலில், மாநில நிவாரண நிதி தீர்ந்துபோனபோது வேலையற்றவர்கள் டிரென்டன் நகரிலுள்ள நியூ ஜெர்சிச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து நாட்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். பிராடக் வாழ்ந்த மாநிலத்தில் நிவாரணம் என்பது இப்படித்தான் இருந்தது. அங்கே அவர் உதவி கேட்கத் துணிந்ததும் வீரம்தான். மேடையில் அவர் காட்டிய வீரத்துக்கு அது சற்றும் குறைந்ததில்லை.

364 நாட்கள்

1934 ஜூன் 14 அன்று நியூயார்க் குயின்ஸ் பகுதியிலிருந்த மேடிசன் ஸ்குவேர் கார்டன் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில், பிரைமோ கார்னெராவும் மேக்ஸ் பேயரும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத இருந்தார்கள். அதற்கு முந்தைய சிறு ஆட்டம் ஒன்றில் கார்ன் கிரிஃபின் என்ற வளரும் வீரருக்கு எதிராக நிற்க ஆள் தேவைப்பட்டது. ஜோ கூல்ட் பிராடக்கை நிறுத்தினார். பயிற்சிக்கு நேரமில்லை. கூலி 250 டாலர். கிரிஃபினின் புகழை வளர்க்க ஏற்பாடான ஆட்டத்தில், முதலில் கீழே விழுந்த பிராடக், மூன்றாவது சுற்றில் கிரிஃபினை வீழ்த்தினார்.

நவம்பரில் ஜான் ஹென்றி லூயிஸைப் பத்துச் சுற்றுகளில் வென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தோற்கடித்த அதே லூயிஸ் அவர். பிறகு அவர் லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் எடை விளங்கும். 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கியைப் பதினைந்து சுற்றுகளில் வென்றார். கையில் பணம் வந்ததும் நிவாரணமாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டினார். ஜூன் 13 அன்று அதே மேடிசன் ஸ்குவேர் கார்டன் பவுல் அரங்கில் பேயரை எதிர்கொண்டார். கிரிஃபின் ஆட்டத்திலிருந்து கணக்கிட்டால் 364-ஆம் நாள்.

பந்தயக்காரர்கள் பிராடக்குக்கு எதிராகப் பத்துக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். பேயர் இளையவர், எடை கூடியவர், அந்தக் காலத்தின் மிக வலிய வலக்கைக்காரர். எதிராளியைப் பொருட்படுத்தாமல் பயிற்சியைக் குறைத்துக்கொண்டார். மேடையிலும் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதில் நேரத்தைக் கழித்தார். பிராடக் முன்வந்து இடக்கையால் புள்ளிகளைச் சேர்த்தார், பேயரின் வலக்கை விழுந்த போதெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றார். நடுவர்கள் ஒருமனதாக அவரை வெற்றியாளராக அறிவித்தார்கள். 1932-இல் ஷ்மெலிங், 1933-இல் ஷார்க்கி, 1934-இல் கார்னெரா, 1935-இல் பேயர் என்று அந்த அரங்கில் பட்டத்தோடு ஏறிய ஹெவிவெயிட் சாம்பியன் ஒவ்வொருவரும் பட்டமில்லாமல்தான் இறங்கினார்கள்.

படம் கண்டது, படம் மறைத்தது

ரான் ஹோவர்டின் படம் வறுமையைக் காட்டும் விதம் பாராட்டுக்குரியது. பாலில் தண்ணீர் கலக்கும் தாய், மின்சாரம் துண்டிக்கப்பட்ட அறையில் மூச்சுப் புகையும் குளிர், இறைச்சிக் கடையில் திருடிய பிள்ளையைக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைக்கும் தகப்பன் என்று வீட்டுக்குள் நடப்பதன் வழியாகவே நாட்டின் நிலையைச் சொல்லிவிடுகிறது. பிராடக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முன்பு தம்மோடு சமமாகப் பேசிய குத்துச்சண்டை முதலாளிகளிடம் சில்லறை கேட்கும் காட்சியில் ரஸல் குரோ வசனத்தைவிட முகத்தையே நம்புகிறார். மேனேஜர் கூல்டின் ஆடம்பரமான குடியிருப்புக்கு மே போகும்போது உள்ளே மேசை நாற்காலிகூட இல்லை. மேனேஜரும் ஏழையாகிவிட்டார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஜியாமட்டிக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது முற்றிலும் தகும்.

ஆனால் ஒரு வாழ்க்கையை நல்லவன், கெட்டவன் என்ற சட்டத்துக்குள் அடக்க முயலும்போது வரலாறு சிதைகிறது. இந்தப் படத்தில் மூன்று இடங்களில் அது நடந்திருக்கிறது.

முதலாவது, மேக்ஸ் பேயர். இருவரை மேடையில் கொன்றவர், அதில் வருத்தமே இல்லாதவர், எதிராளியின் மனைவியையும் சீண்டுபவர் என்று படம் அவரைக் காட்டுகிறது. 1930 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேயரோடு மோதிய ஃபிராங்கி கேம்ப்பெல் இறந்தது உண்மை. அந்தச் சாவு பேயரை நெடுங்காலம் வாட்டியது என்பதும், கேம்ப்பெல் குடும்பத்துக்கு அவர் பணம் கொடுத்து உதவினார் என்பதும் அதே அளவு உண்மை. படம் சொல்லும் இரண்டாமவர் எர்னி ஷாஃப். அவர் இறந்தது 1933 பிப்ரவரியில், கார்னெராவோடு நடந்த ஆட்டத்துக்குப் பிறகு. பேயரோடு அவர் மோதியது அதற்கு ஐந்து மாதங்களுக்கும் முன்னால். 1933 ஜூனில், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், பேயர் தம் காற்சட்டையில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டு ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்கை வீழ்த்தினார். அந்த மனிதர் படத்தில் இல்லை. பேயரின் மகன் இந்தச் சித்திரிப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். அவருடைய கண்டனம் நியாயமானது.

இரண்டாவது, மைக் வில்சன். துறைமுகத்தில் பிராடக்கோடு மூட்டை தூக்கும் நண்பர், தொழிலாளர்களை ஒன்றுதிரட்ட வேண்டும் என்று பேசுபவர். இவர் கற்பனைப் பாத்திரம். பேயர் ஆட்டத்துக்குச் சற்று முன், சென்ட்ரல் பூங்காவில் வீடற்றவர்கள் எழுப்பிய குடிசைப் பகுதியில் காவல்துறையோடு நடக்கும் மோதலில் அடிபட்டு இறக்கிறார். உண்மையில் அந்தக் குடிசைகள் 1933 வசந்தத்திலேயே அகற்றப்பட்டுவிட்டன. காலக்கணக்கு பிசகியதைவிடப் பெரிய குறை, கதை அமைந்த விதம். உரிமை பேசியவன் குடித்து, மனைவியோடு சண்டையிட்டு, சாகிறான். பேசாமல் உழைத்தவன் வெல்கிறான். 1934-இல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் ஒன்றுகூடி வென்றதை அறிந்த எவருக்கும் இந்த அமைப்பு உறுத்தும்.

மூன்றாவது, நிறவெறி. படத்தில் ஜான் ஹென்றி லூயிஸ் பிராடக் ஏறிச் செல்லும் ஒரு படியாக மட்டுமே வந்துபோகிறார். 1915-இல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரப்படவில்லை. பிராடக்கைப் போல் இரண்டாவது வாய்ப்புக்குக் காத்திருக்கும் நிலைக்கு முன்பே, முதல் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். வேலையின்மையிலும் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட மிக மோசமாகத் தாக்கப்பட்டிருந்தார்கள். பிராடக்கின் மீட்சி எவ்வளவு அரியது என்று சொல்லும்போது, அது யாருக்கெல்லாம் எட்டாததாக வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜோ லூயிஸும் திருப்பிக் கட்டிய பணமும்

பிராடக் இரண்டு ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்தார். ஒப்பந்தப்படி அவரோடு மோத வேண்டியவர் ஷ்மெலிங். 1936-இல் கறுப்பின வீரர் ஜோ லூயிஸை வீழ்த்தியிருந்தவர். பட்டம் நாஜி ஜெர்மனிக்குப் போய்விடுமோ என்ற அச்சமும், நாஜி எதிர்ப்பு அமைப்புகளின் புறக்கணிப்பு அறிவிப்பும் ஒருபுறம். லூயிஸோடு மோதினால் கிடைக்கும் பெரும் வருவாய் மறுபுறம். கூல்ட் லூயிஸைத் தேர்ந்தெடுத்தார். மேடிசன் ஸ்குவேர் கார்டன் நிறுவனம் இதைத் தடுக்க நீதிமன்றம் போய்த் தோற்றது. லூயிஸ் வென்றால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அவருடைய பட்ட ஆட்டங்களில் ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸுக்குக் கிடைக்கும் லாபத்தில் பத்து விழுக்காடு பிராடக் தரப்புக்கு என்று கூல்ட் எழுதி வாங்கினார். 1937 ஜூன் 22 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் முதல் சுற்றிலேயே பிராடக் லூயிஸைக் கீழே விழவைத்தார். எட்டாவது சுற்றில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். லூயிஸ் 1949 வரை சாம்பியனாக இருந்ததால் அந்த ஒப்பந்தம் பிராடக்குக்கு நிலையான வருவாயைத் தந்தது.

அன்று மேடையில் நின்ற இருவருமே நிவாரணம் வாங்கிய குடும்பத்தினர். அலபாமாவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு இடம்பெயர்ந்த லூயிஸின் குடும்பமும் பெருமந்தத்தில் நகர நிவாரணத்தில் வாழ்ந்தது. பணம் கையில் வந்ததும் லூயிஸும் அதை டெட்ராய்ட் நகருக்குத் திருப்பிக் கட்டினார். பிராடக் கட்டியதைப் படம் எடுத்தவர்கள் கொண்டாடினார்கள். லூயிஸ் கட்டியது அதே அளவு பேசப்படவில்லை. 1942-இல் இரண்டு பட்ட ஆட்டங்களின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நல நிதிகளுக்கு லூயிஸ் கொடுத்தார். அதே நாட்டின் வருமானவரித் துறை பின்னாளில் பல லட்சம் டாலர் பாக்கி என்று அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. பிராடக் இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றினார். பிறகு வெரசானோ நேரோஸ் பாலம் கட்டப்பட்டபோது அங்கே வேலை செய்தார். நியூ ஜெர்சியின் நார்த் பெர்கனில் அமைதியாக வாழ்ந்து 1974-இல் இறந்தார்.

கடனா, உரிமையா

பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் பிராடக்கின் உயர்ந்த குணம் தெரிகிறது. அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் செயலை எடுத்துக்காட்டாக நிறுத்தும்போது ஒரு பிழையான நீதி உள்ளே நுழைந்துவிடுகிறது. திருப்பிக் கொடுக்கக் கூடியவனே உதவிக்குத் தகுதியானவன், மற்றவர்கள் சமுதாயத்தின் மேல் சுமை என்ற நீதி அது. நிவாரணம் பெற்ற கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு யாங்கீ விளையாட்டரங்கில் ஆடிய பழைய பெயர் இருந்தது? எத்தனை பேருக்கு ஜோ கூல்டைப் போல் கைவிடாத மேனேஜர் இருந்தார்? ஹோபோகன் அலுவலகத்துக்கு வந்த கொத்தனார் அந்தப் பணத்தை என்றைக்கும் திருப்பிக் கட்டியிருக்க முடியாது. அதனால் அவருடைய பிள்ளைகளின் பசி பிராடக்கின் பிள்ளைகளின் பசியைவிடக் குறைந்ததாகிவிடாது.

1934-இன் அந்த மாதங்களில் நிவாரணம் கிடைக்காமல் போயிருந்தால் பிராடக் குடும்பம் சிதறியிருக்கும். கிரிஃபினை எதிர்க்க ஆள் தேடியபோது மேடையேறும் உடல்வலுவோடு அவர் இருந்திருப்பாரா என்பதே கேள்விக்குரியது. அவருடைய மீட்சிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஹாரி ஹாப்கின்ஸும், நிவாரணச் சட்டத்துக்கு வாக்களித்த உறுப்பினர்களும், வேலையின்மைக்கு எதிராகத் தெருவில் இறங்கி அந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கிய பெயர் தெரியாத மக்களும் உண்டு. அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், பிராடக் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் காட்சிக்குக் கொடுக்கும் மதிப்பை, அவர் அதை வாங்கும் காட்சிக்கும் கொடுக்க வேண்டும். ஒரு நாடு தன் கடமையைச் செய்த இடம் அது.

பிராடக் பட்டம் வென்று இரண்டு மாதங்கள் கழித்து, 1935 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முதியோர் ஓய்வூதியமும் வேலையிழப்புக் காப்பீடும் அதன் வழியாக வந்தன. பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும், அதாவது கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினரை, அது தொடக்கத்தில் வெளியே நிறுத்தியது. அந்தக் குறையோடும், வேலையிழந்தவருக்குக் கிடைக்கும் பணம் அவருடைய உரிமை, அதை அவர் யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பதை அமெரிக்கா நாடு முழுவதற்கும் சட்டமாக எழுதியது அந்த நாளில்தான்.